தண்ணீர் குடிக்காமல் பஸ் ஏறும் அம்மாக்கள்

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 68 வயது. தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டி ஓய்வு பெற்றவர். இனிப்புநீர் (நீரிழிவு), இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. அண்ணன் மகளுக்குத் தெற்கே, ஜொகூரின் சிகாமட்டில் கல்யாணம். வீட்டுக்கே முதல் பேத்தி. ஆனால் அம்மா வரமாட்டேன் என்கிறார். கோழிக்கு யார் தீனி போடுவது, முட்டி வலிக்கிறது, விளக்கு ஏற்ற ஆள் இல்லை என்று நாளுக்கு ஒரு காரணம். காரணம் சிறுநீர் அவசரம். கடைசியில் தங்கச்சியிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறார்: "நடு ரோட்டுல வந்துட்டா நான் எங்கடி போவேன்?" பஸ்ஸா, ரயிலா, எது அம்மாவுக்குத் தோது என்று தம்பி கேட்கிறார். கூடவே, அன்று ஒரு நாள் மட்டும் தண்ணீரைக் குறைத்து, சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரையையும் நிறுத்தி வைத்தால் என்ன என்றும் கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. இரண்டுமே கூடாது. பஸ்ஸா ரயிலா என்றால், ரயில். காரணங்களைப் பிறகு சொல்கிறேன்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க கிளினிக்கில் தாதியாக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கோயில் மாதர் குழுவை வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பஸ் பிடித்து எங்காவது கூட்டிப் போகிற வேலையும் என் தலையில்தான் விழுகிறது. ஆகவே உங்கள் கேள்வியில் பாதியைக் கிளினிக்கில் படித்தேன், மீதியைப் பஸ்ஸில் படித்தேன்.

அம்மாவிடமிருந்து ஆரம்பிப்போம். மரம் வெட்டப் போன பெண்கள் விடியாத நேரத்தில் பெரட்டுக்கு நின்று பேர் கொடுத்துவிட்டு நிரையில் இறங்கினால், பாலை எடுத்துக் கொண்டுபோய் ஊற்றும் வரைக்கும் வீடு திரும்ப முடியாது. மதியம் ஆகிவிடும். நடுவில் தண்டாஸ், அதாவது கழிப்பறை, என்று ஒன்று கிடையாது. ஒரு மரத்தின் மறைவுதான். பக்கத்து நிரையில் ஆண்கள் இருப்பார்கள், கங்காணி எந்த நேரத்தில் எந்தப் பக்கம் வருவார் என்று தெரியாது, அட்டையும் பாம்பும் வேறு. அதனால் காலையில் அரை கிளாஸ் வரக்கோப்பியோடு சரி, மதியம் வரை வாயை நனைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள். லயத்துப் பொதுக் கக்கூஸும் வீட்டை விட்டுத் தள்ளித்தான் இருக்கும். இருட்டிய பிறகு போக ஒரு துணை தேட வேண்டும். (கக்கூஸ் டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். மலாய்க்காரர்களிடமும் 'காக்குஸ்' என்று இருக்கிறது. நாம் இரண்டு பேரும் இப்போது தண்டாஸுக்கு மாறிவிட்டோம்.)

அடக்கிக்கொள்வது உங்கள் அம்மா பிழைப்புக்காகக் கற்ற வித்தை. இத்தனை வருஷம் அவரைக் காப்பாற்றிய வித்தை இப்போது கைவிடுகிறது, அது அவருக்கே தெரிந்திருக்கிறது. அதைப் பெற்ற பிள்ளையிடம் சொல்ல முடியவில்லை. இதைப் புரிந்துகொண்டு பேசுங்கள். "இதுக்குப் போயா வரமாட்டேன்னு சொல்றீங்க" என்று மட்டும் சிரித்துவிடாதீர்கள்.

சரி, உடம்பில் என்ன நடக்கிறது? பெரியவர்களின் சிறுநீர்ப்பை 300 முதல் 500 மில்லி வரை பிடிக்கும். பாதி நிறைவதற்கு முன்பே, 150, 200 மில்லியில், முதல் உணர்வு வந்துவிடும். இளவயதில் அந்த முதல் உணர்வுக்கும் 'இனி முடியாது' என்பதற்கும் நடுவில் தாராளமாக நேரம் இருக்கும். வயது ஏற ஏற அந்த இடைவெளி சுருங்குகிறது. பிள்ளை பெற்ற பெண்களுக்கு அடியில் தாங்கிப் பிடிக்கும் தசைகளும் தளர்ந்திருக்கும். இருமினால், பஸ் படியில் இறங்கினால் சொட்டு விழும்.

இதற்கு மேல் சர்க்கரை. இரத்தத்தில் சர்க்கரை, மில்லிமோல் கணக்கில், ஏறக்குறைய 10-ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாமல் சிறுநீரில் விட்டுவிடும். சர்க்கரை தனியாகப் போகாது, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதாவது சர்க்கரை கூடியிருக்கும் ஆள் தண்ணீர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் சிறுநீர் வந்துகொண்டேதான் இருக்கும். குடிக்காமல் இருந்தால் உடம்பில் இருக்கிற தண்ணீர் போகும். தலை சுற்றும், கால் பிடித்து இழுக்கும், சர்க்கரை இன்னும் கெட்டிப்படும். சிறுநீரும் கரும் மஞ்சளாகிப் பையை உறுத்தும், கொஞ்சம் சேர்ந்ததுமே அவசரப்படுத்தும். மணிக்கணக்கில் அடக்கி வைத்தால் கிருமித் தொற்றுக்கும் வழி. பயணம் போய் வந்த மூன்றாம் நாள் எரிச்சல், காய்ச்சல் என்று கிளினிக்குக்கு வந்த பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் ஒரே கதைதான் சொல்வார்கள்: "அன்னைக்கு நான் தண்ணியே குடிக்கல மிஸ்ஸி."

உங்கள் அம்மா மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2019-இல் நாடு முழுக்க எடுத்த சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அந்தக் கணக்கில் 40 பேர் உட்காரும் பஸ்ஸில் ஏழு பேருக்காவது இதே கவலை இருக்கும். ஏழு பேரும் வாயைத் திறக்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார்கள்.

மாத்திரைக்கு வருவோம். நீர் மாத்திரை என்று நீங்கள் சொல்வது எது என்பதை மருந்துப் பையைத் திறந்து பாருங்கள். ஃபுரோசமைடு என்றால், விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலையை ஆரம்பித்து ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் முடித்துவிடும். அதனால் நிறுத்தத் தேவையில்லை, நேரத்தை மாற்றினாலே போதும். பல பேருக்கு விடியற்காலை எழுந்ததும் போட்டுக்கொண்டு மத்தியானம் புறப்படச் சொல்வார்கள், அல்லது போய்ச் சேர்ந்த பிறகு போடச் சொல்வார்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு என்றால் மெதுவாக, நீண்ட நேரம் வேலை செய்யும். இப்போது இனிப்புநீருக்கே எம்பாக்ளிஃப்ளோசின் மாதிரி மாத்திரைகள் தருகிறார்கள். அவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளியே வேலை செய்பவை, நாள் முழுக்க. எது என்று தெரியாமல் ஒன்றை நிறுத்துவது கண்ணை மூடிக்கொண்டு பிரேக் கம்பியை வெட்டுகிற மாதிரி. கிளினிக் மருந்தகத்தில் பயண நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள், அவர்களே எழுதித் தருவார்கள். போகிற போக்கில் சிறுநீரையும் சோதித்துவிடுங்கள். தொற்று ஏதாவது இருந்தால் அவசரத்தில் பாதி அதனால்தான் இருக்கும், மருந்து கொடுத்தால் போய்விடும்.

காலையில் வயிறும் கலக்கும் என்று எழுதியிருந்தீர்கள். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா? சாதாரண மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றை இளக்கிவிடும். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினால் பலருக்குச் சரியாகிறது. டாக்டரிடம் யாரும் இதைச் சொல்வதில்லை, 'எனக்கு வயிறு அப்படித்தான்' என்று வருஷக்கணக்காக ஓட்டுகிறார்கள்.

இனி பயணம். சுங்கை சிப்புட்டிலேயே இ.டி.எஸ். என்கிற மின்சார ரயில் நிற்கிறது, அது உங்கள் அதிர்ஷ்டம். கோலாலம்பூர் வரை ஏறக்குறைய 3 மணி நேரம். 2025-லிருந்து அதே சேவை கெமாஸைத் தாண்டிச் சிகாமட்டுக்கும் போகிறது, கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து இரண்டரை, மூன்று மணி நேரம் வரும். ஒரே ரயிலா, மாற வேண்டுமா என்பது நேர அட்டவணையைப் பொறுத்தது. மாற வேண்டியிருந்தால் நடுவில் ஒரு மணி நேரமாவது இருக்கிற மாதிரி எடுங்கள். கே.எல். சென்ட்ரலில் இறங்கியதும் அவசரம் இல்லாமல் தண்டாஸ் போய், உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டு, மறுபடியும் ஒரு தடவை தண்டாஸ் போய்விட்டு ஏறலாம். 60 வயதைத் தாண்டியவர்களுக்குச் சலுகைக் கட்டணமும் உண்டு.

ரயில் மேல் என்று நான் சொல்வதற்குக் காரணம் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்பதல்ல. நீண்ட ஓட்டத்தின் கடைசி மணி நேரத்தில் எந்த ரயிலின் கழிப்பறையும் ஆரம்பத்தில் இருந்த மாதிரி இருக்காது. காரணம் வேறு: யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எழுந்தார், நடந்தார், போனார், வந்தார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போனாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. இன்னொன்று, போக இடம் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பேருக்கு அவசரம் வராது. என்னோடு வந்த அக்காக்கள் பஸ்ஸில் மணிக்கு ஒரு தடவை நெளிவார்கள், அதே ஆட்கள் ரயிலில் தஞ்சோங் மாலிம் வரைக்கும் அசையாமல் தூங்கினார்கள்.

டிக்கெட் எடுக்கும்போது கழிப்பறை இருக்கும் பக்கத்துக் கதவுக்கு இரண்டு மூன்று வரிசை தள்ளி, நடைபாதையை ஒட்டிய இருக்கையாகப் பாருங்கள். ஒட்டியே உட்கார்ந்தால் கதவுச் சத்தமும் வாடையும். சில இருக்கைகள் ரயில் போகிற திசைக்கு முதுகைக் காட்டியபடி இருக்கும், தலை சுற்றுகிறவர்களுக்கு அது ஆகாது. ரயில் நிலையத்தை விட்டுக் கிளம்பிச் சீராக ஓட ஆரம்பித்ததும் முதல் தடவை போகச் சொல்லுங்கள். இறங்குவதற்கு முந்தின அரை மணி நேரத்தை நம்ப வேண்டாம், அப்போதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். உள்ளே கைப்பிடிக் கம்பி இருக்கும். உட்காருவதற்கு முன்பு அதைப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்து ரயிலில் குழி நேராகத் தண்டவாளத்துக்குத் திறந்திருக்கும், கீழே சல்லிக்கல் ஓடுவது தெரியும். என் பாட்டி அதைப் பார்த்துப் பயந்தே பட்டர்வொர்த் வரை அடக்கிக்கொண்டு போனவர். இப்போது கழிவு தொட்டியில் சேர்கிறது. அதனால் பேட், டிஷ்யூ எதையும் உள்ளே போடக் கூடாது. அடைத்துக்கொண்டால் அந்தக் கழிப்பறையைப் பூட்டிவிடுவார்கள், மற்ற எல்லாரும் அடுத்த பெட்டிக்கு நடக்க வேண்டும்.

ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று வையுங்கள். பள்ளி விடுமுறை, தீபாவளி, நோன்புப் பெருநாள் சமயத்தில் கிடைப்பது கஷ்டம்தான். அப்போது பஸ் அல்லது வேன்.

நம் ஊர் விரைவுப் பேருந்துகளில் பெரும்பாலானவற்றில் கழிப்பறை கிடையாது. இருக்கிற சிலவற்றிலும் சிறுநீருக்கு மட்டும் என்று எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் சாலை நம் பக்கம். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறப்பதற்கு முன்பு பழைய சாலையில் போகிற பஸ், பீடோரிலோ தஞ்சோங் மாலிமிலோ ஏதாவது ஒரு கடை முன்னால் நிற்கும். கடையின் பின்னால் ஒரே ஒரு தண்டாஸ், முன்னால் முப்பது பேர் வரிசை. இப்போது ஏறக்குறைய 80, 100 கிலோமீட்டருக்கு ஓர் ஆர் அண்ட் ஆர் (ஓய்விடம்), அவற்றுக்கு நடுவே சின்ன சின்ன லே-பை (வண்டி நிறுத்தும் ஓரம்). பஸ் நெடுஞ்சாலையில் 90-க்கு மேல் ஓடக் கூடாது. ஆக, சாலை சும்மா இருந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே ஒரு கழிப்பறை வந்துகொண்டே இருக்கும். ஈப்போவிலிருந்து தெற்கே தாப்பா, உலு பெர்ணம், ரவாங், கோலாலம்பூரைத் தாண்டினால் சிரம்பான், ஆயர் குரோ. தங்காக்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய பிறகு சிகாமட் வரை ஆர் அண்ட் ஆர் கிடையாது, பெட்ரோல் நிலையம்தான். எனவே ஆயர் குரோவில் கட்டாயம் இறங்கிவிட வேண்டும். இந்தப் பெயர்களை ஒரு தாளில் தமிழில் பெரிதாக எழுதி அம்மா கையில் கொடுங்கள். அடுத்தது எங்கே என்று தெரிந்தால் மனசு அடங்கும். நான் கோயில் பஸ்ஸில் இதைத்தான் செய்கிறேன். அக்காக்கள் அதை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொள்கிறார்கள்.

பஸ் ஓட்டுநரிடம் ஏறும்போதே சொல்லிவிட வேண்டும், ஓடும்போது அல்ல. தயங்காதீர்கள். "பாங், மாக் சாயா அடா கெஞ்சிங் மானிஸ், போலே பெர்ஹெந்தி டி தாப்பா?" (அண்ணே, என் அம்மாவுக்கு இனிப்புநீர், தாப்பாவில் நிறுத்த முடியுமா?) இது ஒன்று போதும். மலாயில் கெஞ்சிங் மானிஸ் என்றால் இனிப்புச் சிறுநீர்; இந்த நோயின் பெயரிலேயே சமாச்சாரம் இருக்கிறது, ஓட்டுநருக்கு விளக்கம் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை. முகம் சுளித்த ஓட்டுநர்களை விட, "போலே, போலே (முடியும், முடியும்), என் அம்மாவுக்கும் அதேதான்" என்று சொன்ன ஓட்டுநர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். 2025 ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்தில் பயணிகளும் இடைவார் போட்டாக வேண்டும். அதனால் ஓடுகிற பஸ்ஸில் அம்மா எழுந்து முன்னால் நடந்து போய்க் கேட்கிற பழக்கமே வேண்டாம். மாடி பஸ்ஸாக இருந்தால் கீழ்த்தட்டில் இடம் கேளுங்கள், மேல் படி செங்குத்தாக இருக்கும், முட்டி வலிக்காரர்களுக்கு ஆகாது. அவசரத் தடத்தில் நிறுத்தச் சொல்லிப் புதரைத் தேடுவது மட்டும் கூடவே கூடாது. பின்னால் லாரி வரும் வேகம் உங்களுக்கே தெரியும்.

வேன் பிடித்துச் சொந்தக்காரர்கள் சேர்ந்து போவதாக இருந்தால் ஒரு விஷயம். இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். சில வருஷத்துக்கு முன்னால் தைப்பூசம் முடிந்து பத்துமலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ரவாங்கில் உள்ளே போகவே கார்கள் வரிசை கட்டி நின்றன, ஓட்டுநர் அடுத்ததில் பார்க்கலாம் என்று ஓட்டிவிட்டார். நான் எழுந்து, "யாருக்காவது அவசரமா?" என்று கேட்டேன். ஒருவரும் கையைத் தூக்கவில்லை. அப்புறம் நெரிசல், பஸ் ஊர்ந்தது. இரண்டு வரிசை பின்னால் ஓர் அக்கா, அறுபதைத் தாண்டியவர், ஏர்கானிலும் முகம் வியர்த்து, தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்ததைத் தற்செயலாகத்தான் பார்த்தேன். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி முதலில் கண்ணில் பட்ட பெட்ரோல் நிலையத்துக்குப் போனால் தண்டாஸ் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த பையன் சாப்பிடப் போய்விட்டானாம். எதிரில் பிசாங் கோரேங் (பொரித்த வாழைப்பழம்) விற்றுக்கொண்டிருந்த ஒரு மாக்சிக், மலாய்க்கார அம்மா, எங்களைப் பார்த்ததும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குள் கூட்டிப் போய்விட்டார். ஆனால் அதற்குள் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அந்த அக்கா இரண்டு வருஷம் எந்தப் பயணத்துக்கும் வரவில்லை.

தப்பு என்னுடையது. பஸ் நிறைய மச்சினரும் சம்பந்தியும் உட்கார்ந்திருக்கும்போது 'யாருக்கு அவசரம்' என்று கேட்டால் எந்தப் பெண் கையைத் தூக்குவாள்? அன்றிலிருந்து நான் கேட்பதே இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பஸ் நிற்கும், ஏறும்போதே அறிவித்துவிடுவேன். நின்றால் எல்லாரும் இறங்க வேண்டும், கால் நீட்ட என்று சொல்லிவிடுவேன். அது பொய்யும் இல்லை. நாலு மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தால் காலில் இரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது, வயதானவர்களுக்குக் கூடுதலாக. நீங்களும் வேனில் அப்படியே செய்யுங்கள். அம்மாவுக்காக என்று சொல்லாதீர்கள். உங்களுக்கு சிகரெட், கோப்பி, முதுகுவலி, ஏதாவது ஒரு பேர் வைத்து நிறுத்துங்கள்.

குடிப்பதையும் சாப்பிடுவதையும் பற்றிச் சுருக்கமாக. வழக்கமாகக் குடிக்கிற அளவைக் குறைக்காமல், குடிக்கிற நேரத்தை மாற்றுங்கள். மடமடவென்று அரை லிட்டர் குடித்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் இறங்கி வந்துவிடும். வாய் வாயாகக் குடித்தால் அப்படி வராது. புறப்படுவதற்கு முந்தின ஒரு மணி நேரத்தில் மட்டும் கொஞ்சம் அளவாக இருக்கலாம். தண்டாஸ் போய்விட்டு வந்து குடிப்பது, போவதற்கு முன்னால் குடிப்பதை விட நல்லது. இருதயம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டாக்டர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருப்பார், அவர்கள் அதையே பின்பற்ற வேண்டும். தே தாரேவும் (பால் டீ) கோப்பி ஓவும் (பால் இல்லாத கோப்பி) வழியில் வேண்டாம், இரண்டும் பையைக் கிளப்பிவிடும். காலையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், சம்பல் வேண்டாம். இட்லியோ ரொட்டியோ வாழைப்பழமோ போதும். அதற்காகப் பட்டினியும் கூடாது. கிளிக்லசைடு மாதிரி மாத்திரையோ ஊசியோ போடுகிறவர் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவார். பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். முந்தின இரண்டு மூன்று நாள் மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை நெருக்கும். பப்பாளி நம் வீட்டுப் பின்னாலேயே இருக்கிறதே.

ஏர்கான் குளிரும் சேர்த்திதான். உடம்பு குளிர்ந்தால் சிறுநீர் கூடுதலாக ஊறும். இரவு பஸ்ஸில் ஐஸ் பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஒரு சுவெட்டர், கால் உறை, போர்த்திக்கொள்ள ஒரு கைலி. அந்தக் கைலி வேறு எதற்கெல்லாம் பயன்படும் என்று அம்மாவுக்கே தெரியும்.

உடை. சேலை கட்டிக்கொண்டு பயணம் போக வேண்டாம், கல்யாணச் சேலை பெட்டியில் வரட்டும். நம் பொதுத் தண்டாஸ்களில் தரை எப்போதும் ஈரம், ஹோஸ் வைத்துக் கழுவுகிறோம் இல்லையா. ஈரத் தரை, குந்தி உட்காரும் கழிப்பறை, ஒரு கையில் கொசுவம், ஒரு தோளில் கைப்பை என்றால் விழுவதற்கு வேறென்ன வேண்டும்? இடுப்பில் இலாஸ்டிக் வைத்த பஞ்சாபி உடையோ, தளர்வான மலாய் உடையான பாஜு குரோங்கோ சரியாக இருக்கும். பின்னால் வார் வைத்த, வழுக்காத செருப்பு. குறுக்கே மாட்டிக்கொள்ளும் சின்னப் பை, ஏனென்றால் கதவுக் கொக்கி உடைந்திருக்கும், அது மட்டும் நாடு முழுக்க ஒரே மாதிரி. உள்ளே டிஷ்யூ, சின்ன சோப்பு, மாற்று உள்ளாடை, கட்டிப் போட இரண்டு பிளாஸ்டிக் பை, சில்லறை. ஆர் அண்ட் ஆரில் காசு கேட்பதில்லை. சில பஸ் நிலையங்களில் வாசலிலேயே மேசை போட்டு முப்பது காசு, ஐம்பது காசு வாங்குகிறார்கள். அவசரத்தில் பத்து வெள்ளி நோட்டை நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. முட்டி வலி என்பதால் உட்காரும் கழிப்பறைதான் வேண்டும்; அது இல்லாவிட்டால் ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளிகள்) அறைக்குப் போகலாம், கம்பி இருக்கும், அகலமாகவும் இருக்கும். கைத்தடி ஊன்றுகிற 68 வயது அம்மாவை யாரும் தடுக்க மாட்டார்கள். நகராண்மைக் கழகங்களைக் கொண்டு 'பி.எம்.டபிள்யூ. தண்டாஸ்' என்று வீடமைப்பு ஊராட்சித் துறை அமைச்சு ஓர் இயக்கம் நடத்துகிறது: பெர்சே, மெனாவான், வாங்கி, அதாவது சுத்தம், அழகு, நல்ல வாசனை. சில இடங்களில் உண்மையாகவே நன்றாக மாறியிருக்கிறது. பூத்தொட்டி வைத்தவர்கள் கொக்கியையும் மாட்டியிருக்கலாம்.

பெம்பர்ஸ் பற்றி. உள்ளாடை மாதிரியே மாட்டிக்கொள்கிற பெரியவர்கள் வகை மருந்துக் கடையில் கிடைக்கிறது. 'அம்மா, பெம்பர்ஸ் போட்டுக்குங்க' என்று நீங்கள் சொன்னால் கல்யாணம் என்ன, ஈப்போவுக்குக் கூட வரமாட்டார். தங்கச்சி சொல்லட்டும். 'பயன்படுத்தத் தேவையே இல்லை, சும்மா இருக்கட்டும்' என்று சொல்லட்டும். பல பேருக்கு அது கடைசி வரை காய்ந்தபடியே இருக்கும். இருக்கிறது என்ற தைரியம்தான் அதன் வேலை. போடுவதாக இருந்தால் வீட்டில் ஒரு நாள் போட்டுப் பழகிக்கொள்ளட்டும்.

அவசரம் திடீரென்று வந்தால் எழுந்து ஓடுவதுதான் எல்லாரும் செய்வது, அதுதான் தப்பு. உட்கார்ந்தபடியே அசையாமல் இருந்து, சிறுநீரை நிறுத்துவது போல அடித்தசையை ஐந்தாறு தடவை இறுக்கி இறுக்கி விட வேண்டும். அலை மாதிரி வந்த அவசரம் ஒரு நிமிஷத்தில் தணியும். அப்புறம் எழுந்து நடக்கலாம். அந்தத் தசைக்குத் தினமும் பயிற்சி செய்தால் மூன்று மாதத்தில் நல்ல வித்தியாசம் தெரியும். கல்யாணத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, இன்றைக்கே ஆரம்பிக்கலாம். தண்டாஸில் முடிந்ததும் உடனே எழாமல், கொஞ்சம் முன்னால் சாய்ந்து அரை நிமிஷம் இருந்து மறுபடியும் போக முயன்றால், மிச்சம் இருப்பதும் வரும். அது இன்னொரு அரை மணி நேரம் வாங்கித் தரும்.

அப்பாவும் வருகிறார் என்றால் ஒரு எச்சரிக்கை. ஆண்கள் பலருக்கு ஐம்பதைத் தாண்டினால் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி வீங்கும், சிறுநீர் நூலாகத்தான் வரும். அப்படி இருப்பவர் பயண வாந்திக்கோ சளிக்கோ கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால், சில வகைகள் சிறுநீரையே கட்டிவிடும். நடு வழியில் வயிறு கல் மாதிரி வீங்கி, ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு எடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாங்குமுன் மருந்தாளரிடம் புரோஸ்டேட் வீக்கம் இருக்கிறது என்று சொல்லிக் கேட்க வேண்டும். அம்மாவுக்கும் அந்த மாத்திரைகள் வேண்டாம், தூக்கக் கலக்கத்தில் ஈரத் தரையில் நடப்பார்.

போய்ச் சேர்ந்த அன்று இரவு அம்மா இரண்டு மூன்று தடவை கூடுதலாக எழுவார், பயப்பட வேண்டாம். உட்கார்ந்தே வந்ததில் காலில் தேங்கிய நீர், படுத்ததும் திரும்பி இரத்தத்தில் கலந்து சிறுநீராக இறங்குகிறது. படுக்கிற அறையிலிருந்து தண்டாஸுக்கு விளக்கு இருக்கிறதா என்று அண்ணனிடம் கேட்டு வையுங்கள். மண்டபத்தையும் கேளுங்கள்: எந்தப் பக்கம், உட்காருவதா குந்துவதா, படி எத்தனை. அம்மாவை மேடைக்கு நேர் எதிரே நடுவில் உட்கார வைத்தால் தாலி கட்டுகிற நேரத்தில் எழ முடியாமல் தவிப்பார். ஓரத்தில், கதவுப் பக்கம் ஒரு நாற்காலி.

டிக்கெட் எடுக்குமுன் ஒரு சனிக்கிழமை காலையில் அம்மாவை ரயிலில் ஈப்போ வரைக்கும் கூட்டிப் போய் வாருங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. ஓடுகிற ரயிலில் ஒரு தடவை தண்டாஸ் போய்ப் பார்க்கட்டும். ஈப்போவில் ஒரு தோசை வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்துவிடுங்கள். கோழிக்கு நானே தீனி போடுகிறேன்.